படிவத்தில் ஒரே அடுப்பு

அரசாங்கத்து ஆள் வந்து கேட்டால் வயதைக் கூட்டிச் சொல், மாட்டைக் குறைத்துச் சொல் என்பார் என் பெரிய மாமா. மூன்றாவதாகவும் ஒன்று சொல்வார். அது எதைப் பற்றி என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மாமா போய்ச் சேர்ந்த பிறகு நானே அந்த அரசாங்கத்து ஆளாகிவிட்டேன். வீடு வீடாக ஏறி இறங்கிக் கேள்வி கேட்கும் தொழில். கேட்பவனுக்கும் அலுப்பு, சொல்பவருக்கும் அலுப்பு. இரண்டு அலுப்பையும் கூட்டித்தான் கடைசியில் புள்ளிவிபரம் என்று அச்சடிக்கிறார்கள்.

பதினேழு வருடம் கட்டாரில் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் கண்டிக்குத் திரும்பினேன். தமிழிலும் சிங்களத்திலும் படித்தவன் என்பதால் ஒப்பந்தத்தில் கணக்கெடுப்பாளர் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் படிவக் கட்டு. மழை வருகிறதே என்று கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிற நேரத்தில், என்னைப் போல ஒருவன் வாசலில் நின்று "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டு உங்களையும் நோகடித்திருப்பான். நொந்தவர்கள் நமக்குள் பேசிக்கொள்வதாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் உண்டா, இல்லையா?

அம்பிட்டியவில் மேட்டில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக இருக்கிறார். என் படிவத்தில் "வீட்டினுள் குழாய்நீர் வசதி உண்டா?" என்று ஒரு கேள்வி. பதிலுக்கு இரண்டு கட்டம்: ஆம், இல்லை. ஆசிரியை என்னைச் சமையலறைக்கே கூட்டிக்கொண்டு போய்க் குழாயைத் திறந்து காட்டினார். கொஞ்சம் காற்று வந்தது. வாரத்தில் இரண்டு நாள் விடியப்புறம் தண்ணீர் ஏறுமாம். மற்ற நாட்களில் கீழ் வீட்டுக் கிணற்றில் வாளி.

"மேடம், குழாய் இருந்தால் ஆம் என்றுதான் போட வேண்டும். தண்ணீர் வருகிறதா என்று படிவத்தில் கேள்வி இல்லை" என்றேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "போடுங்க மகன், ஆம் என்றே போடுங்க. தண்ணி வந்தா நான் உங்களுக்குப் போன்ல கோல் எடுத்துச் சொல்றேன்."

பருப்பு நிறுத்த பட்டதாரி

வத்தேகமையில் ஒரு பலசரக்குக் கடை. பின்னால் வீடு, முன்னால் வியாபாரம். கடைக்காரரின் மச்சினன் பட்டதாரி. இரண்டு வருடமாக அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் போன நேரம் தராசடியில் நின்று யாருக்கோ அரைக் கிலோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் விதி இதுதான்: போன கிழமை ஏழு நாளில் ஒரு மணித்தியாலமாவது குடும்பத் தொழிலில் கை கொடுத்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். சம்பளம் உண்டா என்பது வேறு பக்கம்.

"சேர், பொடியன வேலை இல்லாதவன்னு போடுங்க. மேல இருக்கிறவங்களுக்குக் கணக்கு தெரிஞ்சாத்தானே கூப்பிடுவாங்க" என்றார் கடைக்காரர். விதியைச் சொன்னேன். பட்டதாரி பருப்பைச் சுற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கடைக்காரர் மூட்டைமேல் படுத்திருந்த பூனையைக் காட்டினார்: "அப்படின்னா இதையும் சேர்த்துக்குங்க சேர். கிழமைக்கு ஒரு எலி பிடிக்குது."

இரண்டு புகை

மடுல்கெல்ல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். மலைமேல் ஒரு லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பிரா. நான் போய்ச் சேரும்போது மழை, காலுறைக்குள் அட்டைப்பூச்சி. பேச்சியம்மாவின் காம்பிரா கடைசியில். அவர், அவருடைய மகன், மருமகள் சுமதி, இரண்டு பிள்ளைகள். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். ஒரு கூரைக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் ஒரு குடித்தனம் ஆகிவிட மாட்டார்கள். ஒன்றாக உலை வைத்து ஒன்றாகச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு குடித்தனம். தனி அடுப்பு என்றால் தனிக் குடித்தனம், அதற்குத் தனிப் படிவம், பன்னிரண்டு பக்கம். "எல்லாருக்கும் ஒண்ணாத்தான் சமையலா?" என்று கேட்டேன். பேச்சியம்மா நிமிர்ந்து நின்று, "எங்க வீட்டுல ஒரே அடுப்புதான் சேர். கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து மருமக என் கையாலதான் சாப்பிடுறா" என்றார். முன் திண்ணையான இஸ்தோப்பின் மூலையில் உரச் சாக்கொன்றைப் போட்டு எதையோ மூடியிருந்தார்கள். சாக்கின் ஓரத்தால் புகை கசிந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். எனக்கு நனைந்த கால், இன்னும் பன்னிரண்டு பக்கம் எழுதக் கை வரவில்லை. சொல்வதை எழுதுங்கள் என்றுதானே பயிற்சியிலும் சொன்னார்கள்! ஒன்று என்று போட்டேன். அந்த லயம் முழுக்கவே அப்படித்தான், இஸ்தோப்புக்கு ஒரு சாக்கு. பன்னிரண்டு காம்பிராவிலும் ஒரே அடுப்பு, ஒரே ஒற்றுமை. நான் இறங்கும்போது தண்ணீர்ப் பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சுமதி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "அந்திக்கு வந்திருந்தீங்கன்னா ரெண்டு புகை பாத்திருப்பீங்க சேர்."

இரண்டு மேடை, ஒரே தாள்

சில மாதம் கழித்து நாங்கள் எழுதியதெல்லாம் ஒரு அட்டவணையாக வந்தது. தேர்தல் நேரம். சந்தியில் ஒரு மேடை. அதில் ஒருவர் தாளைத் தூக்கிப் பிடித்து, தோட்டத்தில் குடித்தனத்துக்கு ஒரு கூரை வந்துவிட்டது, வீட்டுப் பஞ்சம் முடிந்தது என்றார். கைதட்டல். அடுத்த கிழமை அதே சந்தி, வேறு கொடி, அதே தாள். ஒரு குடித்தனத்தில் இத்தனை பேரை அடைத்து வைத்திருக்கிறார்கள், இது அரசாங்கமா என்றார் மற்றவர். அதற்கும் கைதட்டல். இரண்டு பேரும் பிடித்திருந்தது என் ஈரக் காலுறையை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

எங்கள் மேற்பார்வையாளர் சிவராசா அண்ணர். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிக்கு வந்து இருபது வருடம், பேச்சு மட்டும் இன்னும் யாழ்ப்பாணத்தை விட்டு வரவில்லை. அந்தப் புகையைப் பற்றி அவரிடம் சொன்னேன். தேநீரை ஆற்றிக்கொண்டே, "ஓம் தம்பி, எனக்கும் தெரியும். நாங்கள் பொய் எழுதேல்லை. சனம் சொன்ன பொய்யைப் பிழை விடாமல் எழுதினனாங்கள்" என்றார்.

ஒரு வீடு

பிறகு புது வீட்டுப் பட்டியல் வந்தது. குடித்தனத்துக்கு ஒரு வீடு, ஏழு பேர்ச் அளவில் ஒரு சின்னக் காணித் துண்டு. பேச்சியம்மாவின் பெயர் இருந்தது. மகனுடைய குடும்பம் தனியாக இல்லை. படிவத்தின்படி அப்படி ஒரு குடும்பமே கிடையாது. மாமியாரும் மருமகளும் ஒரே பஸ்ஸில் வந்து, எங்கள் காரியாலயத்தில் ஒரே வாங்குப் பலகையில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டதில் விசயம் வந்தது. நான் கணக்கெடுக்கப் போவதற்கு முந்தின ஆடியில் சண்டை. அன்றைக்கே அடுப்பைப் பிரித்தாயிற்று. மற்றக் காம்பிராக்களிலும் இதே கதைதானாம். டவுனிலிருந்து ஆள் வருகிறது என்றதும் எல்லாரும் சாக்கைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

"நான்தான் சொல்லாதன்னேன்" என்றார் பேச்சியம்மா. சுமதி, "இப்ப சொல்லி என்ன அத்தை, புள்ளைகளோட எங்க போறது?" என்றாள். புது வீட்டில் காம்பிரா இரண்டுதான். அதிலும் பலகை அடிக்க வேண்டியதுதான்.

சிவராசா அண்ணர் விதியைப் பார்த்தார். மக்கள் சொன்னதை மக்கள் மாற்ற முடியாது. கணக்கெடுப்பாளர் தான் பார்த்ததைப் பதியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் மட்டும் அந்த லயத்துக்கு வேறொருவரை அனுப்பித் திரும்ப எடுக்கலாம். அப்படி எழுதிக் கொடுத்தவனுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது. வெள்ளிக்கிழமையோடு பட்டியல் மூடும். அதை என்னிடம் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சியம்மா பார்த்தார்: "சண்ட போட்டுப் பிரிஞ்சிட்டோம்னு வெளி ஆள்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு சேர். ஒரு வெக்கத்துக்கு ஒரு வீடா போகும்?"

நாட்டையே எண்ணப் புறப்பட்ட தொழிலில் ஒரு வருடம் இருந்தும், ஒரு காம்பிராவில் இரண்டு அடுப்பை என்னால் எண்ண முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பன்னிரண்டு காம்பிராவிலும் நான் பார்த்ததைப் பதியவில்லை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சிவராசா அண்ணரின் மேசையில் வைத்தேன்.