பத்தில் எத்தனை தெரியாது

நான் கல்லூரியில் கணிதம் கற்றுக்கொடுப்பவன். ஃபஸி கணங்கள்தான் என் ஆராய்ச்சி. சாதாரணக் கணத்தில் ஒரு பொருள் உள்ளே இருக்கும், இல்லையென்றால் வெளியே இருக்கும். வாழ்க்கை அவ்வளவு ஒழுங்காக எங்கே இருக்கிறது? அதனால் நாங்கள் மூன்று எண் போடுவோம்: எவ்வளவு ஆம், எவ்வளவு இல்லை, மீதி எவ்வளவு தெரியாது. பலர் சேர்ந்து முடிவெடுக்கும்போது யாருடைய ‘தெரியாது’ பெரிதோ, அவர் பேச்சுக்கு எடை குறைவு.

என் மனைவிக்கு இதைக் கேட்டாலே சிரிப்பு. ராமச்சந்திராபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள். அளவு சரியாக இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். கம்பெனி பஸ் பிடித்து நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒரு முடிவுக்கும் வராமல் இருப்பதற்கு உங்கள் காலேஜில் சம்பளம் வேறு தருகிறார்களா என்று கேட்பாள்.

ஆனாலும் அந்தக் கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவள்தான். சோபா வாங்குவதானாலும், மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றாலும் இருவரும் பத்துக்கு மூன்று எண் சொல்ல வேண்டும். ‘தெரியாது’ அதிகம் வைத்திருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். நான் எதிலும் மதில்மேல் பூனை. ஆகவே எங்கள் வீட்டில் எப்போதும் அவள் சொன்னதுதான் நடந்தது. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவள், வேண்டாம் என்பதை ‘நக்கோ’ என்றுதான் சொல்வாள். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

போன வருஷம் அவளுக்குப் புற்றுநோய் திரும்பி வந்தது. இன்னொரு சுற்று கீமோ கொடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். சில மாதங்கள் கூடலாம், கூடாமலும் போகலாம், கஷ்டம் மட்டும் நிச்சயம் என்றார். யோசித்துச் சொல்லுங்கள் என்று எங்களை வெளியே அனுப்பினார். வராந்தா நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னாள்.

“வேணும் ஒண்ணு. நக்கோ ஏழு. தெரியாது ரெண்டு.”

அதற்குமுன் அவளிடம் ‘தெரியாது’ இரண்டு வரைக்கும் போனதே இல்லை. அந்த இரண்டு எதற்கு என்று கேட்டேன்.

“நீங்க தனியா இருப்பீங்களே, அதுக்கு.”

எனக்கு அன்று சந்தேகமே இல்லை, வாழ்நாளில் முதல் தடவையாக. வேண்டும் பத்து. ஒரு மாதமானாலும் ஒரு வாரமானாலும் அவள் எனக்கு வேண்டும். அதைச் சொல்லியிருந்தால் எங்கள் விதிப்படி நான்தான் ஜெயித்திருப்பேன். அவள் மறுபேச்சில்லாமல் ஊசிக்குக் கையை நீட்டியிருப்பாள். போன தடவை தண்ணீர்கூட இறங்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

“தெரியாது பத்து” என்றேன்.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“பத்தும் தெரியாதுன்னு எழுதினா உங்க காலேஜ் பசங்களுக்கு மார்க் போடுவீங்களா?”

போடமாட்டேன் என்றேன். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து உள்ளே போய், வேண்டாம் என்று டாக்டரிடம் அவளே சொன்னாள்.

அதன்பின் வீட்டில்தான் இருந்தாள். ஆசைப்பட்டதைச் சாப்பிட்டாள், மகளோடு சண்டை போட்டாள். மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டாள்.

நல்ல முடிவு எடுத்தீர்கள், அவளைக் கஷ்டப்படுத்தாமல் அனுப்பிவைத்தீர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். மகளும் சொல்கிறாள். நான் தலையாட்டிவிடுகிறேன். நல்ல மனதோடு நான் அவளை அனுப்பவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு வேண்டும் பத்துதான்.