கப்டனின் தங்கச்சிக்கு மாப்பிள்ளை

பழைய விண்கப்பல் தொடர் திரும்பி வரப்போகிறது என்ற செய்தியை பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்தேன். என் நெஞ்சு அடித்த அடியில், பக்கத்து சீட்காரர் தன்னுடைய போன் அதிர்கிறது என்று எடுத்துப் பார்த்தார்.

ரசிகர்களின் இணையக் குழுவில் ஒரே அமளி. ஒருவருக்குக் கப்பலின் பழைய இரைச்சல் அப்படியே வேண்டும். இன்னொருவருக்குச் சீருடையின் அதே மங்கிய நீலம். எல்லாருக்கும் புதிதாக ஏதாவது வேண்டும்; ஆனால் ஒன்றையும் மாற்றக் கூடாது. நானும் என் பங்குக்கு எழுதினேன்: 'இந்த முறையாவது கப்டனின் தங்கச்சிக்குக் கல்யாணம் நடக்குமா?'

ஒருவர் பணிவாகக் கேட்டார்: 'எந்தத் தங்கச்சி?'

லண்டனுக்கு வந்த புதிதில் வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தோம். ஒருவருக்கும் ஆங்கிலம் விளங்காது. பாரிஸில் சில காலம் இருந்துவிட்டு வந்த அண்ணை ஒருவர்தான் சோபாவில் சாய்ந்தபடி தொடரின் கதையைச் சொல்லுவார். பிரெஞ்சு பேசுகிறவருக்கு இங்கிலீஷ் எம்மாத்திரம் என்று நம்பினோம். அவர் சொன்னபடி, கப்டன் அண்டவெளியெல்லாம் அலைந்தது தங்கச்சிக்கு மாப்பிள்ளை தேடித்தான். வேற்றுக்கிரகத்துப் பச்சைத் தோல்காரர் சீதனம் கேட்டார்கள், அதனால்தான் போர். வெளியே மழை பெய்யும். டிவி வெளிச்சத்தில் அறை நீலமாய் மிதக்கும். வீடே மெல்லக் கிளம்பி நட்சத்திரங்களுக்குள் போவது போல இருக்கும்.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆங்கிலம் பிடிபட்ட பிறகு, மறு ஒளிபரப்பில் எல்லாவற்றையும் பார்த்தேன். தங்கச்சி எங்குமே இல்லை. ஆனாலும் கப்டன் ஜன்னலோரம் நின்று பேசாமல் வெளியே பார்க்கும்போதெல்லாம், அவளைத்தான் நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

புதிய தொடர் தொடங்கும் நாளில் குளித்து, புதுச் சேர்ட் போட்டேன்.

"பொம்பிளை பாக்கவே வெளிக்கிடுறியள்?" என்றாள் மனைவி.

"இல்லை, மாப்பிள்ளை பாக்க."

அண்ணை இப்போது சவுத்தாலில் இருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனதும் போகாததுமாகக் கேட்டேன்: "அண்ணை, தங்கச்சியின்ர முடிவு இண்டைக்கு எனக்குத் தெரியோணும்."

"எந்தத் தங்கச்சி?"

உலகத்தில் அவளைத் தெரிந்த கடைசி ஆளும் கைவிட்டுவிட்டார். சோபாவில் விழுந்து, தண்ணீர் கேட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அட விசரா! எனக்கு அப்ப ஒரு சொல்லும் விளங்கேல்லயடா. நீங்கள் எல்லாரும் என்ர வாயையே பாத்துக்கொண்டிருந்தியள். நான் என்ன செய்ய? எங்கட வீட்டுப் பிரச்சினையைத் தூக்கிக் கப்பலில ஏத்திவிட்டன்."

"அப்ப... உங்கட தங்கச்சிக்கு?"

"அவள் கனடாவில பேரப்பிள்ளையும் கண்டிட்டாள்."

"இதை ஏன் அண்ணை கப்டனுக்குச் சொல்லேல்ல?"

டிவியில் இசை தொடங்கியது. பழைய இரைச்சலும் வந்தது. குழுவில் இந்நேரம் யாரோ அழுதிருப்பார்கள். நரைத்துப்போன கப்டன் ஜன்னலோரம் வந்து நின்று ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அண்ணை ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினார். அறை நீலமானது.

"அவன்ர முகத்தை வடிவாப் பார்," என்றார். "கலியாண வீட்டுக்குப் போறவன்ர முகம்."