கலர் கேட்ட எலக்ட்ரீஷியன்

எழுபதுகளில், பழைய வண்டிகளின் சாமான்களைச் சேர்த்து நானே ஒரு கார் கட்டினேன். இடது இண்டிகேட்டரைப் போட்டால் முன்னால் இடது விளக்கு மினுக்கியது. பின்னால் வலது விளக்கு மினுக்கியது. மறுநாள் பதிவுக்காகப் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டியாக வேண்டும்.

காரைக்குடியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் ஒரு நூல்கண்டு இருந்தது. ஒவ்வொரு வயராகப் பேட்டரியில் தொட்டு, எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து, இடதுக்கு ஒரு முடிச்சு, வலதுக்கு இரண்டு என நூல் கட்டிக்கொண்டே போனார்.

எனக்கு எரிச்சல். “சிவப்போட சிவப்பு, பச்சையோட பச்சைன்னு சரியாத்தானே சேர்த்துருக்கேன்?”

“முன்வயரு ஒரு வண்டியோடது, பின்வயரு வேற வண்டியோடது. ரெண்டு கம்பெனிக்காரனும் ஒரே கலரா வைப்பான்? நீங்க கலரை நம்பிட்டீக, அண்ணே. எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு போலத்தான் தெரியும். அதனால நம்புறதில்லை.”

முடிச்சுகளைப் பார்த்து வயர்களை மாற்றிச் சேர்த்தார். விளக்குகள் ஒழுங்காக மினுக்கின.

கிளம்பும்போது பானட்டைத் தடவிப் பார்த்தார். “வண்டிக்கு என்ன கலரு அடிச்சிருக்கீக?”

“பச்சை.”

“நல்லாத்தான் இருக்கும்” என்று சைக்கிளை எடுத்தார்.

மூன்று கோட் பெயிண்ட் அடித்து நான் பெருமைப்பட்ட பச்சை அது. அவர் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று பானட்டைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன்.