கைமாற்று வாங்கிய ஆறு அட்டைகள்

கமலாவதி அன்ரி மருந்துக் குளிசை அட்டையை வெட்டும்போது திகதி அச்சிட்ட முனையைக் கடைசிவரை தொடமாட்டார். ஒருவர் இரண்டு குளிசை கேட்டாலும் ஐந்து கேட்டாலும் கத்தரிக்கோல் மறுமுனையிலிருந்துதான் தொடங்கும். ஆறாம் வகுப்பில் அம்மாவின் பிறஷர் குளிசைக்காக வைத்தியர் மருந்து எழுதிய துண்டோடு போன நாளிலிருந்து, பட்டம் முடித்து வேலையில்லாமல் இருந்த நாள்வரை இதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஏனென்று கேட்டேன்.

"பேரும் திகதியும் இல்லாத குளிசையை நான் ஆரை நம்பி விக்கிறது?" என்றார்.

சுன்னாகம் சந்தையிலிருந்து உடுவில் பக்கம் போகும் வழியில் அன்ரி வேலைபார்த்த பாமசி, எங்கள் ஊர் மருந்துக்கடை, இருந்தது. எண்பத்தெட்டில் உதவியாளராக அங்கே சேர்ந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. சில வருடம் பழகியவர்கள் கொழும்புக்குப் போய்ச் சோதனை எழுதி மருந்தாளர் ஆகலாம் என்றிருந்த காலம். முதல் தடவை யுத்தத்தில் பாதை பூட்டிக் கிடந்தது. இரண்டாம் தடவை சோதனை முடிந்த மறுநாள் பயண அனுமதி கையில் கிடைத்தது. அதற்குப் பிறகு தகப்பன் படுக்கையில் விழுந்தார். அன்ரி விண்ணப்பிப்பதை விட்டுவிட்டார். கல்யாணமும் ஆகவில்லை. முதலாளி லண்டனுக்குப் போகும்போது கடையை அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

சுவரில் தொங்கிய மருந்தாளர் சான்றிதழ் ஆஸ்பத்திரியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற கனகசபாபதி ஐயாவுடையது. எட்டு மணிக்கு வருவார், பேப்பர் பார்ப்பார், பத்து மணிக்குச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடுவார். யாராவது பகிடி பண்ணினால், "ஏன், சுவரிலை நான் முழுநாளும் நிக்கிறன்தானே" என்பார். வைத்தியர்களின் கிறுக்கலை வாசிப்பதும், அளவு கூடியிருந்தால் தொலைபேசியில் கேட்டுத் திருத்துவதும் அன்ரியின் வேலை. அவர் பிழையாக மருந்து கொடுத்ததாக நான் ஒருவரிடமும் கேள்விப்பட்டதில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் எல்லாம் இறுகியது. கடை திறந்திருக்கும் நேரம் முழுவதும் பதிவுபெற்ற மருந்தாளர் உள்ளே இருக்கவேண்டும்; ஒவ்வொரு அட்டைக்கும் வாங்கிய பில் இருக்கவேண்டும்; இல்லாவிட்டால் அடுத்த வருட அனுமதிப்பத்திரம் கிடையாது. அதோடு, காப்புறுதியில் மருந்துக் காசை மீளப்பெறும் ஆசிரியர்களின் கோரிக்கைகள் திரும்பிவரத் தொடங்கின. கையால் எழுதிய பில் செல்லாது, மருந்தாளரின் பதிவு இலக்கம் அச்சிட்டிருக்க வேண்டுமாம். மாதாமாதம் வந்த ரீச்சர்மார் ஒவ்வொருவராக யாழ்ப்பாணத்துப் பெரிய கடைகளுக்கு மாறினார்கள்.

கனகசபாபதி ஐயாவுக்கு எழுபத்தாறு வயது. "என்னைக் கதிரையோடை சேத்துக் கட்டினாலும் ரெண்டு மணிக்கு நித்திரையாப் போவன், கமலா" என்று கையை விரித்தார். நான்கு மாதம் தேடியபிறகு நிவேதனா கிடைத்தாள். மருந்தாளர் பட்டம் பெற்றவள், உடுவில்காரி. முழுநேரமும் இருக்கச் சம்மதித்தாள். புதிய பில் இயந்திரம் வந்தது. இரண்டு ரீச்சர்மார் திரும்பி வந்தார்கள். அனுமதிப்பத்திரத்துக்காகக் கார்த்திகையில் நடக்கும் பரிசோதனை ஒன்றுதான் மிச்சம்.

அதற்குச் சில நாட்கள் முன்னர் வலிப்புக் குளிசை எங்குமே இல்லாமற் போனது. நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் தம்பிராசாவுக்கு மூன்று நாளைக்குத்தான் கையிருப்பு இருந்தது. அன்ரி எங்கள் ஊரில் தையல் வேலைக்குப் போகும் ஜெசிதா அக்காவிடம் போனார். ஜெசிதா அக்காவின் பத்து வயது மகளுக்கும் அதே வருத்தம், அதே குளிசை. அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் இரண்டு மாதத்துக்குரியதைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதில் அவர் ஆறு அட்டை எடுத்துக் கொடுத்தார். கடைக்குச் சாமான் வந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் சீனியும் மண்ணெண்ணெயும் இப்படித்தான் வீடு மாறும், பாமசிக்குப் பாமசி குளிசையும் மாறும். அதில் பிழை இருப்பதாக யாருக்கும் படவில்லை. எனக்கும்தான்.

இரண்டு அட்டை தம்பிராசாவுக்குப் போனது. மிச்சம் நான்கும் தட்டில் இருந்த நாளில் பரிசோதகர் வந்தார். அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் அரசாங்க மருந்து என்ற அடையாளம் இருந்தது.

"உது எங்கையிருந்து வந்தது?"

"கைமாத்து, சேர்."

"ஆரிட்டை?"

"அவையின்ரை பேரைச் சொல்லேலாது."

அவர் கெட்டவரல்ல. நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். "அம்மா, கடையிலை வேறை ஒரு குறையும் இல்லை. ரெண்டு கிழமைக்குள்ளை விளக்கம் ஒண்டு எழுதி அனுப்புங்கோ. பாத்து எழுதுங்கோ." நான்கு அட்டைகளையும் உறையில் போட்டுக்கொண்டு போனார்.

இங்கிலிஷில் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். நிவேதனா வழி சொன்னாள்: "கிளினிக்குக்குப் போற ஆக்கள் மிஞ்சினதை அழிக்கச் சொல்லித் தந்ததெண்டு போடு. ஒரு வரி. அலுவல் முடிஞ்சுது."

"அது பொய்யெல்லோ?"

"பொய்தான். உங்கடை கம்பஸிலை அதைப் படிப்பிக்கேல்லையோ?"

அன்ரி சிரித்தார். "விடு நிவேதனா. பிள்ளை படிச்சது. எப்பிடி எழுதவேணுமெண்டு அதுக்குத் தெரியும்."

எங்கள் வீட்டில் முதன்முதல் பட்டம் பெற்றவள் நான். அப்பா இன்னும் வெங்காயத் தோட்டங்களில் கூலிக்கு நிற்கிறார். உண்மையை ஒழுங்காக, மரியாதையாக எழுதினால் மேலே இருப்பவர்கள் விளங்கிக்கொள்வார்கள் என்று அப்போது நம்பினேன். இரண்டு பக்கம் எழுதினேன். ஜெசிதா அக்காவின் பெயரை எழுதவில்லை. ஆனால், ஒரு கிளினிக் நோயாளியின் குடும்பத்திடமிருந்து மனிதாபிமானத்தின் பேரில் மருந்தைப் பெற்று இன்னொரு நோயாளிக்குக் கொடுத்தோம் என்று ஒரு வசனம் இருந்தது. அந்த வசனம் எனக்குப் பிடித்திருந்தது. அன்ரியால் எந்த மருந்தின் பெயரையும் வாசிக்க முடியும். இங்கிலிஷ் கடிதம் வாசிக்கத் தெரியாது.

"எல்லாம் சரியா வந்திருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம், அன்ரி."

தமிழில் சொல்லிக் காட்டாமலே கையெழுத்து வாங்கினேன். அவசரமா, அல்லது சொன்னால் அவர் மாற்றச் சொல்வார் என்ற பயமா என்று இன்றைக்கும் என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

மார்கழியில் பதில் வந்தது. என் வசனத்தை அப்படியே மேற்கோள் குறிக்குள் போட்டு, கடைக்காரரே ஒப்புக்கொண்டபடி அரசாங்க மருந்து தனியார் கடையில் கைமாறியிருப்பதால் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப்படாது என்று எழுதியிருந்தார்கள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அந்த இடம் வந்ததும் அன்ரி தலையாட்டினார்.

"வடிவா எழுதியிருக்கிறாய்" என்றார்.

குரலில் குத்தல் தெரியவில்லை. தேடிப் பார்த்தேன்.

வருடக் கடைசியில் கடை பூட்டப்பட்டது. நிவேதனா யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய பாமசிக்குப் போனாள். அட்டையிலிருந்த தொகுதி இலக்கத்தை வைத்து ஆஸ்பத்திரியில் விசாரணை நடந்தது. அதன்பிறகு கிளினிக்கில் எல்லாருக்கும் இரண்டு கிழமைக்கு மட்டுமே குளிசை கொடுத்தார்கள்.

கடை போனதைப் பற்றி அன்ரி அதிகம் கதைக்கவில்லை. ஜெசிதா அக்காவின் ஆறு அட்டைகளைப் பற்றியே கதைத்தார். தையில் அந்தக் குளிசை கடைகளுக்குத் திரும்ப வந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் நிவேதனாவிடம் போனார். அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள்.

"துண்டில்லாமல் தந்தால் என்ரை பதிவு போயிடும், அன்ரி."

"தெரியும், பிள்ளை. நானும் தந்திருக்கமாட்டன்."

மகளின் மருந்தை எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைக் காட்டினால் வாங்கலாம். விசாரணைக்குப் பிறகு கொப்பியை வெளியே கொடுக்க ஜெசிதா அக்கா பயந்தார். அன்ரி இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். முப்பத்தாறு வருடம் குளிசை கொடுத்தவருக்கு ஆறு அட்டை, அறுபது குளிசை வாங்க வழியில்லை. மாசியில் ஒரு காலை நெஞ்சு நோகிறது என்றவர், அம்புலன்ஸ் வருமுன் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபின் நான் ஜெசிதா அக்கா வீட்டுக்குப் போனேன். மேசையில் வைத்து ஒரு குளிசையைக் கத்தியால் இரண்டாக்கிக்கொண்டிருந்தார். தையல் வேலைக்கு லீவு கிடைக்காததால் கிளினிக் நாள் தவறிவிட்டதாம். பாதிபாதியாகக் கொடுத்ததில், போன கிழமை மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்ததாம்.

"கொப்பியைத் தாங்கோ, அக்கா. இப்பவே போய் வாங்கிக்கொண்டு வாறன். அன்ரி தரவேண்டியதுதானே."

அவர் கத்தியைத் துடைத்தார். "அவ கேட்டே நான் குடுக்கேல்லை. உனக்குத் தந்தால் நீ இன்னும் ஆருக்கோ கடிதம் எழுதுவாய்."

நாளைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போகும்படி சொன்னேன். சம்பளம் வெட்டினாலும் பரவாயில்லை, போவேன் என்றார். கொப்பியைத் தரவில்லை. அன்ரி வாங்கிய ஆறு அட்டைகளும் இன்னும் திருப்பிக் கொடுபடவில்லை.