நாற்றம் தெரியாத தரை டாக்டர்

முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணி கட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு எதையும் மறுத்துப் பேசும் வசதி கிடையாது. காதோரம் கத்தி நிற்கும் நேரம் பார்த்துக் கடைக்காரர் சொன்னார்: "நம்ம தரை டாக்டரம்மா இருக்காங்கல்ல, அவங்களுக்கு வாசனையே தெரியாதாம்."

நாய் பூனை வளர்க்கும் வீடுகளில் சிமெண்ட் தரைக்குள் ஊறிப்போன நாற்றத்தை எடுத்துத் தருவதுதான் அந்த அம்மாளின் தொழில். காது கேட்காதவர் பாட்டுப் போட்டிக்கு மார்க் போடுவது போன்ற சங்கதி. சும்மா விட முடியுமா? குறைந்தது மூன்று நாள் துப்பறிய வேண்டியிருக்கும் என்று ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. பஸ் டிரைவர் ஒருவர் குடியிருக்கும் வாடகை வீட்டின் வண்டி ஷெட்டில், முட்டியில் ரப்பர் பட்டை கட்டி மண்டியிட்டிருந்தார் டாக்டரம்மா. எங்கே ஆரம்பிப்பது என்று நான் உடல்நலம், வானிலை என்று இழுத்துக்கொண்டிருந்தேன். அவரே முடித்துவைத்தார்.

"மூக்கு போச்சான்னுதானே கேக்க வந்தீங்க? போச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த வாளியைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

வாளியைத் தள்ளி வைத்தேன். கதை வந்தது. ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்த மறுநாள், கணவரின் தங்கை காபி போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஒரு வாய் குடித்துவிட்டு இவர், "என்னடி, வெறும் வெந்நீரைக் கொண்டுவந்திருக்க?" என்று கேட்டுவிட்டார். நாத்தனாருக்குத் தன் காபிதான் உயிர். பேச்சு நின்றது. மறுநாள் ஊறுகாயும் வெந்நீராகப் பட்டபோதுதான் குற்றவாளி காபி இல்லை, மூக்கு என்று தெரிந்தது. அதற்குள் நாத்தனார் மூன்று தெருவுக்குச் செய்தி சொல்லி முடித்திருந்தாள்.

தொழிலை விடவில்லையா என்று கேட்டேன். மூக்கு இருப்பவர்களைத்தான் நம்பக் கூடாது என்றார். பத்து நிமிடத்தில் மூக்கு எந்த நாற்றத்துக்கும் பழகி, "போயிடுச்சு" என்று பொய் சொல்லும். டார்ச் பழகாது.

அவர் நம்புவது அதைத்தான். ஷட்டரை முழுக்க இறக்கி, ஊதா வெளிச்சம் அடிக்கும் டார்ச்சைப் போட்டார். சுத்தமாகத் தெரிந்த தரையில், பழைய மூத்திரம் ஊறிய இடமெல்லாம் மங்கலாக மஞ்சள் பூத்தது. ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வளைத்தார். வரைபடத்தில் தீவுக்கூட்டம் பார்த்தது போல இருந்தது.

தீவுகளின் சொந்தக்காரர் வாசலில் படுத்திருந்தார். பெயர் மேனேஜர். பதினான்கு வயது நாய். நாள் முழுக்கத் தூங்கி, சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக ஆஜராவதால் வந்த பதவி. பின்னங்கால் சரியில்லாமல் போன மூன்று மாதமும் ஷெட்டை விட்டு நகர முடியவில்லை. மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் முடிவாகச் சொல்லிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் நாற்றம் போக வேண்டும், இல்லாவிட்டால் நாய் போக வேண்டும். இந்த வயதில் அதை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று டிரைவர் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டார். எல்லாரும் நாயைப் பாராட்டினார்கள்.

இதில் ஓனரின் திருப்பணியும் உண்டு. மூன்று மாதமாகத் தினமும் தன் கையாலேயே ஃபினாயில் ஊற்றியிருந்தார். அதனால்தான் வேலை இரட்டிப்பானது. தரைக்குள் இறங்கிய மூத்திர உப்பைத் தின்று தீர்ப்பவை டாக்டரம்மா ஊற்றும் மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமிகள். ஃபினாயில் அவற்றைக் கொன்றுவிடும். "விருந்தாளியைக் கூப்பிட்டுட்டு வாசல்லயே விஷம் வெச்ச மாதிரி" என்றார் டாக்டரம்மா. முதல் நாள் முழுக்க வெறும் தண்ணீர்விட்டு ஃபினாயிலைக் கழுவி எடுத்தார். அப்புறம் தீவுகளைவிட ஒரு சாண் அகலமாக மருந்தை ஊற்றி, காயாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்தார். ஒரு நாள் முழுக்க அப்படியே கிடக்க வேண்டும். ஓனர் ஃபினாயில் டப்பாவோடு இரண்டு முறை இறங்கி வந்ததாகவும், இரண்டு முறையும் மேனேஜர் எழுந்து நின்று பார்த்ததாகவும் கேள்வி. மூன்று மாதத்தில் நாய் செய்த ஒரே உத்தியோகம் அதுதான்.

ஞாயிறு காலை தாளை எடுத்து, மின்விசிறி போட்டுத் தரையைக் காயவைத்து, மறுபடி தண்ணீர் தெளித்தார். காய்ந்த தரை நல்ல பிள்ளை போல நடிக்கும். ஈரம் பட்டால்தான் மிச்சமிருக்கும் நாற்றம் எழுந்து வருமாம்.

ஓனர் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வதந்தி மாடி ஏறியிருந்தது. "என்னம்மா, ஏதாவது வாசனை வருதா?" என்று கேட்டார், குரலில் சர்க்கரை போட்டு.

"எனக்கு எதுவும் வராது சார். வர்றவ வர்றா."

சைக்கிளில் வந்து இறங்கியது நாத்தனார். சலவைக் கடையில் துணி வாங்கிப் பிரிக்கிற வேலை. சட்டையை முகர்ந்தே ஆள் பஸ்ஸில் வந்தாரா நடந்து வந்தாரா என்று சொல்லிவிடுவாள் என்கிறார்கள். காபிச் சண்டை ஓயாவிட்டாலும் டாக்டரம்மாவின் மூக்கு அவள்தான். செருப்பைக் கழற்றினாள், மண்டியிட்டாள், சாக்பீஸ் வளையங்களை ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டே போனாள். டிரைவர் நாய்ச் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

கடைசி வளையத்தில் நிமிர்ந்தாள். "நாத்தம் இருக்கு" என்றாள்.

டிரைவர் நாயின் தலையில் கை வைத்தார். ஓனர் கட்டிய கையை அவிழ்த்தார்.

"ஆனா இது நாயோடது இல்ல."

எழுந்து மூலையிலிருந்த தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் குனிந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தாள். அழுகிய வெங்காயம். அதை வெளியே வீசிவிட்டு, ஷெட்டை ஒரு சுற்று முகர்ந்து, ஓனருக்கு முன்னால் வந்து நின்றாள். "சார், இதே வாசனை உங்க வலது கைல வருதே."

ஓனர் கையைப் பின்னால் மறைத்தார். பிறகு, மறைத்ததே வாக்குமூலம் ஆகிவிட்டதை உணர்ந்து சிரிக்க ஆரம்பித்தார். "சும்மா ஒரு டெஸ்ட்தான்மா. வாசனை தெரியாதவங்கன்னு சொன்னாங்க..." தரையில் ஒன்றும் இல்லை என்று அவர் வாயாலேயே டிரைவர் மூன்று முறை கேட்டுவாங்கினார். நாய் இருக்கலாம். சோதனைக்குப் பரிகாரமாகத் தரைக்கு மேல்பூச்சு அடிக்கும் பொறுப்பை ஓனரே ஏற்றுக்கொண்டார். மேனேஜர் சங்கிலியோடு உள்ளே வந்து, சாக்பீஸ் வளையம் ஒன்றின் நடுவே அளந்து வைத்தது போலப் படுத்தார்.

நாத்தனார் ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லாருக்கும் காபி ஊற்றினாள். அண்ணிக்கு முதலில்.

"எப்படி இருக்கு அண்ணி? ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை பாக்கி வெச்சிருக்கீங்க."

"பொய் சொல்லச் சொல்றியாடி? மூக்கு வரட்டும், தெருவே கேக்கற மாதிரி சொல்றேன்."

"அது வர்றப்போ வரட்டும். இப்போ ஏதாவது சொல்லுங்க."

டாக்டரம்மா இன்னொரு வாய் குடித்து, கண்ணை மூடி, நேர்மையாக யோசித்தார்.

"சூடா இருக்கு."

நாத்தனார் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.