ஃப்ரீசருக்கு வெளியே இருந்த டப்பா

அம்சவேணியாகிய நான், என் கணவர், மருமகள் கஸ்தூரி, நாத்தனார் ராஜகுமாரி, மாடி அறையில் குடியிருந்த வசந்தா டீச்சர். அந்தக் கார்த்திகை தீபத்தன்று வீட்டில் இருந்தது இந்த ஐந்து பேர். போன வாரம் டீச்சர் காமாலையில் போய்விட்டார் என்று அவர் தங்கை போன் செய்ததும் எனக்கு நினைவு வந்தது அந்த நாள்தான். அவரிடம் படித்த பிள்ளைகள் நீங்கள், அவரைப் பற்றி நாலு வரி எழுதித் தரக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது வரைதான் படித்தவள் நான். பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், நடந்ததை மாற்றாதீர்கள்.

உங்களுக்குக் காலேஜில் பாடம் எடுத்துக்கொண்டே அவர் ஆராய்ச்சியும் செய்தார். மூளையில் நரம்புகளைத் தாங்கி நிற்கும் செல்கள் இருக்கின்றனவாம். அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள மேலே ஒரு புரதம். அந்தப் புரதத்தில் சர்க்கரை சங்கிலி சங்கிலியாகத் தொங்குமாம். சங்கிலி நீண்டால் செல்கள் ஒட்டாமல் விலகிவிடுமாம். சர்க்கரை ஒட்டத்தானே செய்யும் என்று கேட்டேன். சிரித்தார். பிறகு எனக்கே தோன்றியது.

"அதிரசத்துல வெல்லம் ஜாஸ்தியானா எண்ணெயில பிரிஞ்சு போயிடுமே, அது மாதிரியா?"

"எங்க சாருக்கே இப்படிச் சொல்லத் தெரியலம்மா" என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

தீபத்துக்குக் காலேஜ் லீவு, அங்கே கரண்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்று ஒரு டப்பாவை என் ஃப்ரீசரில் வைத்தார். எலி மூளையிலிருந்து எடுத்த புரதம், சின்னச் சின்னக் குப்பிகளில். மூன்று வருஷ உழைப்பு. உருகக் கூடாது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

தீபத்தன்று கூட்டத்தில் பால் வண்டி ஊருக்குள் வராது. அதனால் ராஜகுமாரி காலையில் வரும்போதே வழியில் பால் பாக்கெட்டுகளை வாங்கி வந்து ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, டப்பாவைச் சமையல் மேடைமேல் வைத்திருந்தாள். மதியம் பார்த்துவிட்டேன். டப்பா பக்கம் கை போனது.

"அப்படி என்ன அண்ணி இருக்குது அதுல?" என்றாள்.

எலி மூளை என்று சொன்னால் விரத நாளில் தண்ணீர்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிடுவாள். பதினோரு வருஷச் சண்டைக்குப் பிறகு அன்றுதான் வாசல் மிதித்திருந்தாள். ஒண்ணுமில்ல என்றேன். தீபம் ஏறட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று மாவு பிசையப் போனேன்.

சாயங்காலம் ஐந்து பேரும் மொட்டை மாடியில் நின்று மலையைக் கும்பிட்டோம். டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கீழே வந்து டப்பாவைப் பார்த்தார். ஒவ்வொரு குப்பியாக விளக்கருகே சாய்த்துப் பார்த்தார்.

"திரும்ப ஐஸ்ல வெச்சா?" என்று கேட்டேன்.

"ஆகாதும்மா. விடுங்க, நல்ல நாளும் அதுவுமா."

நான் வைத்த அதிரசத்தைப் பிட்டுத் தின்று, பாகு சரியாக இருப்பதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஆராய்ச்சியைப் பற்றி அவர் பேசவில்லை. மறுபடி மூன்று வருஷத்துக்கு நான் எங்கே போவது?

அந்தக் காலி டப்பா என்னிடம் இருக்கிறது. அதில் எதையும் போட்டுவைக்க மனம் வரவில்லை.

ராஜகுமாரியோடு அன்றிலிருந்து நான் பேசுவதில்லை. ஆனால் டப்பாவில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மாவு பிசைந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவளைத்தான் மன்னிக்க மாட்டேன்.

அம்சவேணி.