அக்கா நீட்டாத டிஷ்யூ

என் அக்கா இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு, நாற்பத்தாறு வயதில் உளவியல் சிகிச்சையாளர் ஆவதற்குப் படிக்கப் போனாள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்றார் சித்தப்பா. எனக்கு வந்ததே கோபம்! "நீங்க ஊசிக்குப் பயந்து கத்தினப்போ கையைப் பிடிச்சது யாரு?" என்று கேட்டேன். மனுஷர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

பயிற்சியில் அவளிடம் ஒரே ஒரு குறைதான். எதிரே இருப்பவர் கண் கலங்கினாலே டிஷ்யூ பெட்டியை நீட்டிவிடுவாள். "போதும், அழுகையை நிறுத்துங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு," என்றார் பயிற்சியாளர்.

படிக்கிறவர்களும் வாராவாரம் வேறொரு சிகிச்சையாளர் முன்னால் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது அங்கே விதி. அப்பா இறந்த அன்று எங்களைத் தேற்றியவள், தான் மட்டும் அழவே இல்லை என்பது அவளுக்கு அங்கேதான் உறைத்தது. அப்பா போய்ப் பத்து வருஷம் கழித்து, அங்கே உட்கார்ந்து அழுதாள்.

போன மாதம் எனக்கு வேலை போனது. அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதேன். டிஷ்யூ பெட்டி அவள் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. என்னைப் பார்த்தபடி, எழுந்து போகாமல், கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். நான் சட்டைக் கையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சான்றிதழ் அடுத்த வாரம்தான் வந்தது. தம்பி நான் அன்றைக்கே பாஸ் போட்டுவிட்டேன்.